பென்சில் போன தூரம்

“பென்சில்தானே டாக்டர்னு நான் சிரிச்சேன். அவரு சிரிக்கவே இல்லக்கா.”

தங்கை இதைச் சொன்னபோது, அக்கா கண்ணாடிக் கடையின் பின்னறையில் குனிந்து உட்கார்ந்து, ஒரு டைவிங் மாஸ்க்கின் உள்பக்கம் பவர் லென்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தாள். தங்கைக்குக் கிட்டப்பார்வை. நாலடி தள்ளி வரும் பஸ்ஸின் நம்பர் தெரியாதவளுக்குக் கடலுக்கடியில் மீன் எங்கே தெரியப்போகிறது என்று, இரண்டு நாளாக மதிய இடைவேளையில் சாப்பாட்டைத் தள்ளிவைத்துத் தேய்த்த லென்ஸ். பசை இறுகும்வரை விரல் அசையக் கூடாது. அசைந்துவிட்டது. லென்ஸ் ஒரு நூலளவு சாய்ந்து நின்றது.

பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம். ஒரு விமானம், அப்புறம் நாலு மணி நேரப் படகு, அதற்கப்புறம் வரைபடத்தில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி ஒரு தீவு. டைவிங் பள்ளிக்காரர்கள் ஆளுக்கொரு உடல்நலப் படிவம் அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டால் பிரச்சினை இல்லை. ஒரு ‘ஆம்’ விழுந்தாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். காதில் அறுவை சிகிச்சை நடந்ததுண்டா என்ற கேள்விக்குத் தங்கை நேர்மையாக ‘ஆம்’ போட்டிருந்தாள். காலையில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்திருந்தாள்.

டாக்டர் சொன்னது இதுதான். ஒட்டுப்போட்ட செவிப்பறை நன்றாகவே ஆறியிருக்கிறது. ஆனால் கூரான பொருள் உள்ளே போய்க் கிழித்தது என்றால், அதற்கு அந்தப் பக்கமிருக்கும் சின்ன எலும்புகளும் அடிபட்டிருக்கலாம். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஆழத்துக்கு அனுப்ப மாட்டேன். காற்று மோதிக் கிழிந்ததென்றால் விஷயமே வேறு, இன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

“எனக்கு எங்க காத்து மோதுச்சு? நானே போய் பென்சில விட்டுக்கிட்டேன்,” என்றாள் தங்கை.

வீட்டில் அவளுக்குப் பேரே பென்சில்தான். சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் எல்லோருக்கும் பென்சில். நாலு வயதில் காதுக்குள் பென்சிலைச் செருகிக்கொண்ட கதையை அவளே கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுவாள். காலையில் போனில் அம்மாகூட, காதுக்குள் பென்சிலை விட்டவள் கடலுக்குள் போய் எதை எங்கே விடுவாளோ என்று சிரித்திருக்கிறாள்.

பென்சில் காதுக்குள் போகவே இல்லை என்பது உலகத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு அக்காவுக்குப் பத்து வயது. அம்மா, தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். மறுநாள் கொடுக்க வேண்டிய வரைபட நோட்டில், பெருங்கடல் முழுவதும் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தது குட்டி. ஒரே அறை. உள்ளங்கை காதை மூடினாற்போல, காற்றை உள்ளே அடித்துத் தள்ளிக்கொண்டு விழுந்தது. குழந்தை அழக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி பார்த்தது. பிறகு ஒரு சொட்டு ரத்தம். கதவு திறக்கும் சத்தம். குழந்தையின் கையில் பென்சில். பொய்யை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது அங்கேயே தயாராக இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு குளியலுக்கும் அந்தக் காதில் பஞ்சு. மற்ற பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கும்மாளம் போட, கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல். ஒட்டுப்போடப் பன்னிரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அக்காவின் நெஞ்சு குறுகுறுத்து, குறுகுறுத்து, கடைசியில் ஒரு தீவையே கண்டுபிடித்தது. தங்கையைத் தண்ணீருக்குள் கூட்டிப்போய்விட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தாள். இப்போது அந்தப் பழைய பென்சில் படகுத்துறையில் குறுக்கே படுத்துக்கொண்டு வழி மறிக்கிறது.

லென்ஸைப் பெயர்த்து, பசையைச் சுரண்டினாள். உண்மை வாய்வரை வந்தது. “அன்னிக்கு...” என்று ஆரம்பிக்கவும் செய்தாள்.

“அன்னிக்கு நீ இருந்ததால தப்பிச்சேன்னு அம்மா சொல்வாங்க,” என்றாள் தங்கை. “நீதான் என் கையிலேருந்து அதப் பிடுங்கினியாமே. தண்ணிக்கடியில ஜோடி ஜோடியாத்தான் போகணுமாம், ஒருத்தி சிலிண்டர்ல காத்து தீருதான்னு இன்னொருத்தி பாத்துக்கணுமாம். என் ஜோடி எங்க அக்கான்னு போன வாரமே எழுதிக் குடுத்துட்டேன். உன்ன விட்டா வேற யார நம்புறது?”

அக்கா நிமிரவில்லை. சுரண்டிய இடத்தையே மறுபடி சுரண்டினாள்.

தங்கை பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மேசைமேல் இருந்த லென்ஸ் தூளை ஊதிவிட்டு விரித்தாள். டாக்டர் கொடுத்ததாம். அந்த வயதில் கூட இருந்தவர்கள் யாராவது நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். மேலே தங்கையின் பெயர், வயது. கீழே நாலு வெற்றுக் கோடுகள். ‘காரணம்’ என்று அச்சடித்திருந்தது.

அவள் கடை மேசையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி அக்காவின் பக்கம் நீட்டினாள்.

“எனக்காகப் பொய் கிய்யெல்லாம் வேணாம்க்கா. போக முடியலன்னா போகட்டும். நீதான் பக்கத்துல இருந்தே. என்ன நடந்துச்சோ அத அப்படியே எழுதிக் குடு.”