நோலனைவிட மோசமான கை

க்ளோவிஸ் கிட்ரி இராணுவத்தில் லாரி இன்ஜின்களைக் கழற்றி மாட்டியே தன் இளமையைக் கழித்தவர். ஜெர்மனியில் ஒரு பனிக்காலத்தில், தூக்கிக்கொண்டிருந்த இன்ஜினின் சங்கிலி நழுவி, அவருடைய வலது மணிக்கட்டின் மேல் அது இறங்கிவிட்டது. எலும்பு நொறுங்கியது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "இன்ஜினுக்குத்தான் அடி பலம்" என்பார். லூசியானாவுக்குத் திரும்பி வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அந்தப் பதில் மாறவில்லை. மணிக்கட்டுதான் மாறியிருந்தது. துருப்பிடித்த கீல் மாதிரி ஒரே நிலையில் விறைத்துக்கொண்டது. விரல்கள் அடிக்கடி மரத்துப்போயின.

உடல் ஊனத்துக்கான படைவீரர் உதவித்தொகைக்கு அவர் முதல் தடவை விண்ணப்பித்தபோது, பரிசோதித்த மருத்துவர் "வலிக்குதா?" என்று கேட்டார். க்ளோவிஸ் சிரித்தபடி அந்த வலது கையாலேயே அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். முகம் சுளித்தது மருத்துவர்தான். விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று.

"கையைக் குலுக்கிட்டு வந்து மூணு நாள் ஐஸ் வச்சுக்கிட்டுக் கெடந்தியே, அதைத் திரும்பப் போய் அவர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள் மனைவி எர்லீன்.

"அவர் கேட்டப்ப வலிக்கல."

"அப்ப எப்ப வலிச்சுது?"

"அவர் கேட்காதப்ப."

எர்லீனுக்குத் தெரியாத வலியா? தினமும் காலையில் அவருடைய சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவது அவள்தான். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள். "என்ன பண்ண, கல்யாணமாகி இவ்ளோ வருஷமாகியும் இவளால என் மேல கை வைக்காம இருக்க முடியல" என்று கூசாமல் சொன்னார் க்ளோவிஸ். ஊர் முழுக்க அது பரவியது. எர்லீன் ஒரு வாரம் தேவாலயத்தில் தலை நிமிரவில்லை.

படைவீரர் மன்றத்தில் விண்ணப்ப வேலைகளைப் பார்த்துக்கொண்டவள் ஒடெஸ்ஸா. கடற்படையில் இருந்தவள். எர்லீன் அவளிடம் போய் நின்றாள். மனு மறுபடி போடப்பட்டது, புதுப் பரிசோதனைக்கு நாளும் குறிக்கப்பட்டது.

"உள்ளதை உள்ளபடி சொல்லணும், எர்லீன். கூட்டிச் சொல்றவன் மாட்டிக்குவான். குறைச்சுச் சொல்றவன் வெறுங்கையோட வருவான். உன் வீட்டுக்காரருக்கு ரெண்டாவது வியாதி."

"அதுக்கு மருந்து இருக்கா?"

"எங்கிட்ட இல்ல. உங்கிட்ட இருக்கலாம்."

எர்லீன் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். க்ளோவிஸ் மசியவில்லை. கடைசியில் ஒரு பெயர் அவளுக்கு ஞாபகம் வந்தது. நோலன் பேடோ.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தவர் நோலன். அவரும் இராணுவத்தில் இருந்தவர், டேங்க் ஓட்டியவர். க்ளோவிஸும் அவரும் உயிர்த்தோழர்கள். எதிலும் ஒருவரை ஒருவர் முந்தவிடாத தோழர்கள். ஒருவர் பெரிய மீன் பிடித்தால் மற்றவர் அதைவிடப் பெரியதைப் பிடிக்கும்வரை வீடு திரும்பமாட்டார். இதய அடைப்புக்கு நோலனுக்கு நெஞ்சில் ஒரு குழாய் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, தனக்கு இரண்டு வைக்கவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டவர் க்ளோவிஸ்.

அன்று எர்லீன் அடுப்பில் கம்போ குழம்பைக் கிண்டிக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

"பாவம் நோலன். கை ரொம்ப மோசமாம். இந்த வட்டாரத்துலயே இப்படி ஒரு கையப் பாத்ததில்லன்னு டாக்டரே சொல்லிட்டாராம். அதுக்குக் காசும் குடுக்கறாங்களாம்."

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த க்ளோவிஸின் கரண்டி பாதி வழியில் நின்றது. "நோலன் கையா?"

"ம்."

"அவன் கைக்கு என்ன? போன வாரம் ஒரே கையால படகு மோட்டாரைத் தூக்கினானே."

"வலிய மறைச்சுட்டுத் தூக்கியிருப்பாரு. உனக்கு அதெல்லாம் எங்க புரியும், உன் கைதான் நல்லாருக்கே."

மறுநாள் க்ளோவிஸ் சாப்பாட்டையும் மறந்து கால்வாயைச் சுற்றி நடந்து, நோலன் வீட்டு வேலியோரம் நின்று நோட்டம் விட்டார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"சிப்பி உடைச்சுட்டிருக்கான், எர்லீன். சிப்பி! நான் சிப்பிக் கத்தியைப் பிடிச்சு எத்தனை வருஷமாச்சு? அவனுக்கா மோசமான கை?"

எர்லீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

பரிசோதனை அறையில் டாக்டர் மெக்காலி இருந்தார், நடுவயதுப் பெண். மனைவி மூலையில் உட்காரலாம் என்றார். எந்தக் கை பழக்கமான கை என்று கேட்டார். வலது என்றார் க்ளோவிஸ். பிறகு, இந்தத் தடவை விட்டுவிடக் கூடாது என்று முடிவு கட்டியவராய்ப் பெருமூச்சு விட்டார்.

"இந்தக் கையால ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்க முடியாதுங்க, டாக்டர்."

"வெளியில காபி கப்போட நின்னீங்களே?"

"அது இடது கை."

"வலது கைதான். நான் பார்த்தேன்."

எர்லீன் கூரையைப் பார்த்தாள். ஒடெஸ்ஸா சொன்ன முதல் வியாதியும், கூட்டிச் சொல்வதும், இப்போது இவருக்கு வந்துவிட்டது. க்ளோவிஸுக்கு வியர்த்தது. இனி வீம்பும் பலிக்காது, புளுகும் பலிக்காது.

"சரி, காபி குடிப்பேன்" என்றார் மெதுவாக. "ரெண்டு விரலைக் கைப்பிடிக்குள்ள நுழைச்சு, மீதியை அடியில முட்டுக்கொடுத்து. நேரம் நல்லாருந்தா சிந்தாது. நல்லா இல்லன்னா சட்டையெல்லாம் காபி. அந்தச் சட்டையையும் நானா மாத்திக்க முடியாது. பட்டன் போட வராது. இவதான் போடுவா. அதை மறைக்கத்தான் ஊர் பூரா இவளப் பத்தி ஒரு கதை கட்டி விட்டிருக்கேன்."

மூலையில் எர்லீன் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

"நோலன் பேடோ அவனே பட்டன் போட்டுக்குவான். அதையும் எழுதிக்கங்க."

"நோலன் யாரு?"

"வட்டாரத்துலயே மோசமான கைன்னு பேர் வாங்கினவன்."

"நான் உங்க கையைத்தான் பாக்கறேன், மிஸ்டர் கிட்ரி. நீட்டுங்க."

மணிக்கட்டில் அளவுகோல் ஒன்றை வைத்து, மடக்கச் சொன்னார். மடங்கவில்லை. நிமிர்த்தச் சொன்னார். நிமிரவில்லை. இன்னொரு முறை என்றதும் க்ளோவிஸ் பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் கட்டியது. அதைத் துடைக்கவும் வலது கைதான் முதலில் எழுந்தது, பாதியில் நின்றது.

"போதும்" என்றார் டாக்டர். "இதை முன்னாலயே ஏன் சொல்லல?"

க்ளோவிஸ் இடது கையால் சட்டைக்கையை இழுத்து மணிக்கட்டை மூடினார். "சொல்லிட்டா அது உண்மையாயிடுமேன்னு."

சில மாதங்கள் கழித்து உதவித்தொகை கிடைத்தது. கூடவே படைவீரர் மருத்துவமனையில் கைக்கு ஒரு தாங்குபட்டையும் சிகிச்சையும். க்ளோவிஸ் அன்றைக்கே பட்டையைக் கட்டிக்கொண்டு, நோலன் வீட்டில் நடந்த, இறால் மாதிரி இருக்கும் கிராஃபிஷ் விருந்துக்குப் போனார். நீளமேசை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, வேகவைத்த கிராஃபிஷ் சிவப்பாகக் குவிந்திருந்தது. ஊரில் பாதி அங்கேதான். பட்டை கட்டிய கையை உயர்த்திக் காட்டினார்.

"ஒத்துக்கடா, நோலன். என் கைதான் ரொம்ப மோசம். கவர்மெண்டே சொல்லிடுச்சு."

"என்ன மோசம்?" நோலன் காதைத் திருப்பினார்.

"கை! உனக்குக் கை போச்சுன்னு காசு குடுக்கறாங்கல்ல?"

"எனக்குக் காதுக்குடா குடுக்கறாங்க. டேங்க் சத்தத்துல போனது. கைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு." பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

க்ளோவிஸ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். எர்லீன் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அது பொய்யா?"

"நான் சொன்னது ஒரு பொய். நீ சொன்னதையெல்லாம் எண்ண ஆரம்பிச்சா விருந்து ஆறிப்போயிடும்."

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். க்ளோவிஸ் சிரிக்கவில்லை. தன் முன்னால் இருந்த குவியலைப் பார்த்தார். போன வருடம் வரைக்கும் "வயிறு சரியில்ல" என்று சொல்லி ஒன்றையும் தொடாமல் எழுந்து போனவர். தலையைத் திருகி ஓட்டை உரிக்கும் வேலை அந்தக் கைக்கு ஆகாது.

தட்டை அப்படியே நோலன் பக்கம் தள்ளினார்.

"நல்ல கைதானே. உரி."

"நானா?"

"ஆமா. எனக்கு முடியாது. வலிக்குது."

சுற்றி இருந்த பாதிப் பேருக்கு அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்பது முதல் தடவை. நோலன் முணுமுணுத்துக்கொண்டே உரிக்க ஆரம்பித்தார். நடுநடுவே பெரியதாகப் பார்த்து ஒன்றைத் தன் வாயிலும் போட்டுக்கொண்டார். க்ளோவிஸ் அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போட, நோலன் கேட்காத காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.