ஏழு வள்ளத்துச் சந்தியோகு

பாரம் தூக்கி இடுப்பில் நாரி விட்டுப்போன மூன்றாம் கிழமைதான் எனக்குப் பரம்பரை தேவைப்பட்டது. அதற்கு முன் முப்பது வருடம் மன்னார் மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்கினேன். பெட்டி தூக்குகிறவனிடம் எவனும் பூட்டன் பெயர் கேட்பதில்லை. இன்னும் எத்தனை பெட்டி கிடக்குது என்றுதான் கேட்பார்கள்.

முதலில் கேட்டவர் எனக்குச் சம்மந்தியாகப் போகிற றெனால்ட். நானாட்டானில் வயலும் இரண்டு உழவு மெஷினும் வைத்திருப்பவர். அவருடைய மகன் நிலக்சனும் என் மகள் சுவேதினியும் தாங்களே பேசி முடித்துவிட்டு, கடைசியாகத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்று றெனால்ட் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"நீங்கள் ஆற்ற வழி? ஆற்ற பரம்பரை?"

"ஐஸ் பெட்டி வழி."

அவர் சிரித்தார். அவருடைய மனைவி ஜெனிற்றா சிரிக்கவில்லை. அவர்கள் படலை தாண்டியதும் என் மனைவி றஞ்சினி தொடங்கினாள். "பகிடி விட ஒரு நேரம் காலம் இல்லையோ? பிள்ளையின்ர வாழ்க்கை அது."

பாரம் தூக்கினால் நடக்க மாட்டாய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் படுக்கை. கையில் மகளுடைய பழைய போன். அதில் கோட்டுப் போட்ட ஒருவன் தகப்பன் வழியைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று விளக்கினான். உன்னில் தொடங்கு, ஒவ்வொரு படியாக ஏறு, எந்தப் படியையும் தாவாதே என்றான். எனக்கு ஏணி தெரியும். வாழ்நாள் முழுக்க லொறியில் ஏறி இறங்கியவன். எங்கள் வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்த மட்டையை விரித்து, அடியில் என் பெயரை எழுதினேன்: சந்தியோகு. அதற்கு மேல் அப்பா, மடுத்தீன். அதற்கு மேல் அப்பப்பா, அவரும் சந்தியோகு. அவர் நான் பிறக்க முன்பே செத்துப்போனவர். அதற்கு மேல் வெறும் மட்டை.

நாரியில் பட்டி கட்டிக்கொண்டு பங்குமனைக்குப் போனேன். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவன் மில்ரன். ஒரு கொப்பியை மேசையில் வைத்துத் தூசி தட்டினான்.

"மெதுவாப் புரட்டுங்கோ அண்ணை. பாதியைச் சண்டை திண்டிட்டுது. மிச்சத்தைக் கறையான் தின்னுது."

1938இல் கிடைத்தது. பெயர், மடுத்தீன். தகப்பன், சந்தியோகு. தொழில், சம்மாட்டி.

எனக்கு நாரி நோவு நின்றுவிட்டது. சம்மாட்டி என்றால் சொந்த வள்ளம், சொந்த வலை, கடலுக்குப் போக மற்றவன். நாங்களோ பரம்பரை பரம்பரையாக அந்த மற்றவன் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"தாய்க்காரியின்ர பேரையும் எழுதுங்கோ," என்றான் மில்ரன்.

"தகப்பன் வழி தேடுறவனுக்குத் தாய் எதுக்கடா?"

"அடுத்த பக்கத்தையும் ஒருக்காப் பாத்தால்..."

"கண்டதுக்குப் பிறகும் தேடுறதுக்கு எனக்கென்ன விசரோ?"

சந்தைக்குப் போய் எருக்கலம்பிட்டி முனவ்வர் நானாவிடம் விசாரித்தேன். கருவாட்டுக்காரர், எழுபது தாண்டியவர். "சந்தியோகுச் சம்மாட்டியா? ஏழு வள்ளம் வைச்சிருந்த மனுசன். எங்கட வாப்பா அவரிட்டத்தான் கருவாடு எடுத்தவர்," என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "அவர் நல்ல உயரமாம்," என்றார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மட்டையில் ஏழு வள்ளம் கீறினேன். இரண்டு வள்ளம் செருப்புப் போல வந்தது. பரவாயில்லை.

கோவிலில் கலியாண அறிவித்தல் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று, ஒன்று மிச்சம். அந்தக் கிழமைதான் றெனால்ட் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. மட்டையைச் சுருட்டி பஸ்ஸில் கொண்டுபோனேன். "அதை எதுக்குக் காவிறீங்கள்?" என்று றஞ்சினி கேட்டாள். "ஆற்ற வழி எண்டு கேட்டவருக்கு," என்றேன்.

சாப்பிட முன்பே விரித்துவிட்டேன். றெனால்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"சந்தியோகுச் சம்மாட்டியோ? அவர் எங்கட அப்பப்பா எல்லோ!"

"உங்கட அப்பப்பாவோ? நீங்கள் நானாட்டான் ஆக்கள்."

"ஐயோ, எங்கட அப்பா, வஸ்தியான், வள்ளத்தை வித்துப்போட்டுத்தான் இஞ்ச வயல் வாங்கினவர். அவருக்கு ஒரு தமையன் இருந்தவர். மடுத்தீன். பதினாலு வயசில வீட்டோட கோவிச்சுக்கொண்டு போனவர், திரும்பி வரவேயில்லை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் எங்கட பெரியப்பாவின்ர மகன். அண்ணை!"

கட்டிப் பிடித்தார். உழவு மெஷின் ஓட்டுகிற கை, என் நாரி முறிந்தது. எனக்கும் அழுகை வந்தது, பாதி நோவில், பாதி பெருமையில். இரண்டு கிழவர்கள் மட்டைக்கு மேல் நின்று மூக்கைச் சீறினோம்.

ஜெனிற்றா கறிச்சட்டியை மேசையில் வைத்தார்.

"அண்ணன் தம்பி எண்டால், பிள்ளையள் ரெண்டும் என்ன முறை?"

மாமன் மச்சான் வழி என்றால் சந்தோசமாகக் கட்டலாம். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்றால் கூடப்பிறந்த மாதிரி. நிலக்சன் சுவேதினியைப் பார்த்தான். சுவேதினி என்னைப் பார்த்தாள். நான் வள்ளங்களைப் பார்த்தேன். சாப்பிடாமல் திரும்பினோம். இறால் கறி.

மூன்றாவது அறிவித்தலை நிறுத்தி வைக்கச் சொல்லி றெனால்ட் பங்குச் சுவாமிக்குப் போன் எடுத்துவிட்டார். மகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வெளியே வந்து, "இந்த மட்டையை உங்களிட்ட ஆர் கேட்டது?" என்றாள். படலைக்கு வெளியே ஒழுங்கையில் கழுதை ஒன்று நின்று கத்தியது.

றஞ்சினி மட்டையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, மீன் வாங்குகிறவள் செவுள் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"இதில ஒரு பொம்பிளையும் இல்லை. எல்லாரும் ஆம்பிளையளுக்கே பிறந்தவையோ?"

"தகப்பன் வழியெல்லோ."

"உங்கட அப்பாவைப் பெத்தவ பேர் என்ன?"

"செபமாலை."

"அந்தச் சம்மாட்டியின்ர பெண்சாதி?"

எனக்குத் தெரியவில்லை. அவள் ஓட்டோ பிடித்தாள்.

மில்ரன் கொப்பியைத் தயாராக வைத்திருந்தான். நாய்ப்பயல், எதிர்பார்த்திருக்கிறான். சம்மாட்டி மகன் மடுத்தீனுடைய தாய், லூசியா. இரண்டு பக்கம் தள்ளி அதே வருடம் இன்னொரு மடுத்தீன். தகப்பன், சந்தியோகு. தொழில், கூலி. தாய், செபமாலை. ஞானத்தகப்பன், சந்தியோகுச் சம்மாட்டி.

"அந்த வீட்டுக்காரர்தான் தங்கட கூலியாக்களின்ர பிள்ளையளுக்கெல்லாம் ஞானஸ்நானத்தில ஞானத்தகப்பன்," என்றான் மில்ரன். "தங்கட வீட்டுப் பேரையே வைச்சுவிடுவினம். அந்த வருசம் மட்டும் நாலு மடுத்தீன். அதுக்குத்தான் அடுத்த பக்கத்தைப் பாருங்கோ எண்டனான்."

றஞ்சினி மாதாவுக்கு நன்றி சொன்னாள். எனக்கு ஏழு வள்ளமும் கடலுக்குள் தாண்டுபோனது. அதோடு எழும்பி வந்திருக்கலாம். வந்த கோபத்தில், "அப்ப அந்தக் கூலிச் சந்தியோகுவின்ர தகப்பனையும் எடு," என்றேன்.

1909. பெயர், சந்தியோகு. தாய், அன்னம்மாள். தகப்பன் என்ற இடத்தில் மையால் இழுத்த ஒரு கோடு. ஞானத்தகப்பன், சம்மாட்டியின் தகப்பன்.

மன்னார்க் கழுதையை அரபுநாட்டுக்காரர் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். கழுதைக்கு அவ்வளவு தூரம் வழி தெரிகிறது. எனக்கு அப்பப்பாவோடு றோட்டு முடிந்தது.

"மில்ரன் எழுதித் தந்ததில அப்பாவின்ர துண்டை மட்டும் றெனால்ட்டுக்குக் காட்டுவம்," என்றேன் வரும் வழியில்.

"ஒளிச்சு வைச்சுக் கட்டிக் குடுத்து, பிறகு அவையள் தேடிப் பிடிச்சால்? அவையளுக்கும் போன் இருக்கு. ரெண்டையும் காட்டுங்கோ."

அடுத்த நாள் றெனால்டும் ஜெனிற்றாவும் வந்தார்கள். இந்த முறை றெனால்ட் சாயவில்லை, கதிரை நுனியில் இருந்தார். மில்ரனுடைய இரண்டு துண்டுகளையும் நீட்டினேன். முதலாவதை வாசித்து மூச்சு விட்டார். இரண்டாவதை வாசித்து மூச்சை இழுத்தார்.

"இந்தக் கோடு ஆர்?"

"தெரியாது. எங்களுக்கு வழி இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் மறுமொழி."

"ஞானத்தகப்பன் எண்டு போட்டிருக்கிறது எங்கட பூட்டனை." அவர் விரல் கோட்டுக்கும் பெயருக்கும் இடையில் போய் வந்தது. "தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இவர் ஏன் வந்து நிண்டவர்? ஒருவேளை இவரே..."

உள்ளே கதவுக்குப் பின்னால் சுவேதினி நிற்பது எனக்குத் தெரிந்தது. அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன. என் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது: அன்னம்மாள் வேறு ஊர், வரும்போதே வயிற்றில் பிள்ளை. நல்ல பொய்தான். சொல்ல வாயைத் திறந்தேன்.

ஜெனிற்றா முந்திவிட்டார். துண்டைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கி நான்காக மடித்தார்.

"நூறு வருசத்துக்கு முந்தி உங்கட பூட்டன் எந்தக் குடிசைக்குள்ள பூந்தவர் எண்டு நீங்களோ சாட்சி? கோட்டுக்கெல்லாம் முறை பாக்கப் போனால் இந்தத் தீவில ஒருத்தனும் கலியாணம் கட்டேலாது. எழும்புங்கோ. சுவாமியிட்டப் போவம்."

றெனால்ட் எழும்பினார். படலையில் நின்று, "அப்ப நான் உங்களை அண்ணை எண்டு கூப்பிடுறதோ, சம்மந்தி எண்டு கூப்பிடுறதோ?" என்று கேட்டார்.

"சந்தியோகு எண்டு கூப்பிடுங்கோ. அது உங்கட வீட்டுக்காரர் வைச்ச பேர்தானே."

சுவாமி இரண்டு துண்டையும் வாசித்தார். கோட்டுக்குத் திருச்சபையில் தடை எழுதவில்லை என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது அறிவித்தல். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரியப்படுத்துங்கள் என்று அவர் வாசித்தபோது றெனால்ட் பெரிதாக இருமினார். கோவில் முழுக்கத் திரும்பியது. "தூசி," என்றார். ஜெனிற்றாவின் முழங்கை அவர் விலாவுக்குள் இருந்தது.

கலியாணத்தன்று சோடாப் போத்தல்களுக்கு ஐஸ் பெட்டி ஆறு வந்தது. தூக்க வந்தவன் குடித்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் படுத்திருந்தான். தரை ஈரமாகக்கூடாது என்று மட்டையை விரித்து, வள்ளத்துக்கு மேல் ஒவ்வொரு பெட்டியாக நானே தூக்கி வைத்தேன். நாரி திரும்பவும் விட்டுப்போனது.