துருக்கியிலிருந்து வந்த நாற்பது டைல்கள்

கடைசி டைலைப் பதித்து, ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றபோதுதான் செல்வரத்தினத்துக்கு அது கண்ணில் பட்டது.

கிளென் ஈடன் புறநகரில் புதிதாகக் கட்டிய பள்ளிவாசலின் உள்சுவர் அது. துருக்கியிலிருந்து வந்த நாற்பது டைல்களில் நீலப் பூக்கள், நடுவே அரபு எழுத்து. அவருக்கு அரபு வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசற்கதவில் செதுக்கியிருந்த 'அல்லாஹ்' என்ற சொல்லின் வடிவம் பார்த்துப் பழகிவிட்டது. சுவரின் வலப்பக்கத்தில் அது சரியாக இருந்தது. இடப்பக்கத்தில் அதே சொல் கண்ணாடியில் தெரிவதுபோல மறுபக்கம் திரும்பி நின்றது.

அச்சடித்தவன் விட்ட பிழையாகவே இருக்கட்டும். பதிக்குமுன் தரையில் அடுக்கிக் காட்டியிருக்க வேண்டியது யார்? வெள்ளிக்கிழமை திறப்பு என்ற அவசரத்தில் அதை அவர் செய்யவில்லை. முதலில் ஒட்டியவற்றின் பசையும் இறுகிவிட்டது. அடுத்தவர் கும்பிடுகிற கடவுளின் பெயரை இப்படியா ஒட்டிவைப்பது?

கட்டடத்தின் வரைபடம் போட்ட முஃபீதாவுக்கு ஃபோன் எடுத்தார். காயல்பட்டணத்துப் பெண், நகர மையத்தில் அலுவலகம்.

"தங்கச்சி, ஒருக்கா வாங்கோ. நான் பெரிய பிழை விட்டிட்டன்."

அவள் வந்து சேர ஒரு மணி நேரமானது. சுவரைப் பார்த்தாள்.

"உடைச்சு எடுக்கோணுமோ?" என்று கேட்டார்.

"ஐயோ, கையே வச்சிராதீங்க அண்ணே!" என்று சிரித்துவிட்டாள். "அது வேணும்னே அப்படி எழுதுனது. உஸ்மானியப் பேரரசு காலத்துல துருக்கியில எழுதுறவங்க ஒரே சொல்லை ஒண்ணையொண்ணு பார்க்கிற மாதிரி வலமும் இடமுமா எழுதுவாங்க. பள்ளிக்குள்ள உருவம் வரையக்கூடாதுல்ல, அவங்க எழுத்தையே ஓவியமாக்கிட்டாங்க."

"அப்ப பிழை இல்லையோ?"

"இல்லண்ணே. எங்க ஊர்ப் பள்ளி கல்தூண் மண்டபமா இருக்கும். நானே இஸ்தான்புல் போனப்பதான் இந்த மாதிரி எழுத்தைப் பார்த்தேன். உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், என் தப்புதான்."

செல்வரத்தினம் கவிழ்த்துவைத்த பசை வாளியில் அப்படியே உட்கார்ந்து நீளமாக மூச்சுவிட்டார். இப்போது பார்க்கையில் இரண்டு சொற்களின் நெளிவுகளும் நடுவில் வந்து கைகோத்து நின்றன. இரண்டு டைல்களுக்கு இடையிலும் அந்தக் கோடு ஒரு மயிரிழை விலகவில்லை.

"வடிவாத்தான் பொருத்தியிருக்கிறன், என்ன?" என்றார்.

"ஆமாண்ணே. ரொம்ப."

காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.