தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

மைத்துனனைக் கொதிக்க வைத்தது குமாஸ்தாதான்.

பதினெட்டு வருஷமாகக் கப்பல் ஏஜென்சியில் படிவம் நிரப்புகிறவர். தொற்று வந்த பிறகு, கப்பலில் யார் யாருக்கு உடம்புச் சூடு எவ்வளவு என்று சுகாதார ஆபீசுக்கு எழுதி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு பேருக்குக் கேப்டனே அனுப்பிவிட்டார். இருபத்துமூன்றாவது ஆள் கப்பல் சமையல்காரன், குமாஸ்தாவின் மனைவிக்குத் தம்பி. பாசம் பொங்க, போனில் கேட்டுத் தன் கையாலேயே நிரப்பினார்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு மாமா. கல்லு மாதிரி இருக்கேன்."

அவன் சொன்னது ஃபாரன்ஹீட். கட்டத்தில் கேட்டிருந்தது செல்சியஸ். இன்னும் ஒன்றரை டிகிரி சொச்சம் ஏறியிருந்தால் பையன் ஆவியாகியிருப்பான். கணினி சிவப்பு காட்டியது. கப்பலை வெளிக்கடலில் நிறுத்திவிட்டார்கள்.

எட்டு மாத ஒப்பந்தத்துக்குப் போனவன், பன்னிரண்டு மாதமாகத் தரை மிதிக்கவில்லை. அவன் கிளம்பும்போது வயிற்றில் இருந்த மகள் இப்போது குமாஸ்தா வீட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெள்ளிக்கிழமை கப்பல் கரைக்கு வந்து சரக்குப் பெட்டிகளை இறக்கிவிட்டு உடனே கிளம்பும். அதற்குள் இறங்காவிட்டால் இன்னும் நாலு மாதம்.

சுகாதார ஆபீஸ் ஜன்னலில் பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால் ஒரு முகக்கவசம் மட்டும் தெரிந்தது.

"நாளைக்கு வாங்க சார்."

"நேத்தும் நாளைக்குன்னுதானே சொன்னீங்க?"

"நாங்க பேச்சு மாற மாட்டோம் சார்."

வீட்டில் மனைவி, "என்னங்க, தம்பி எப்ப வர்றான்?" என்றாள். "ஆயிட்டிருக்கு" என்றார். எது, எங்கே ஆகிறது என்று அவள் கேட்காதது அவர் செய்த புண்ணியம். அந்தக் கட்டத்தைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

மைத்துனன் போனில், "மாமா, ஜன்னல்ல ஒரு துண்டைக் கட்டுங்க. எது உங்க ஆபீஸ்னு பாக்கறேன்" என்றான். மஞ்சள் துண்டைக் கட்டினார். "தெரியுது மாமா! பாப்பாவை ஒரு நாள் அங்க தூக்கிட்டு வாங்களேன்." நகரமே அடைத்துக் கிடந்தது. "பாக்கலாம்டா" என்றார். சுகாதார ஆபீஸ் ஜன்னல்காரனே தேவலை; நாளைக்கு என்றாவது சொன்னான்.

வியாழன் மாலை, சுகாதார டாக்டரம்மா வெளியே வந்து காரைத் திறக்கும்போது, குமாஸ்தா ஆறடி தள்ளி நின்று கொட்டித் தீர்த்தார்.

"டாக்டர், கட்டத்துல தப்பா எழுதினது நான். என்னை என்ன வேணா பண்ணுங்க, அவனை மட்டும் இறக்கிடுங்க."

"அந்தத் தொண்ணூத்தெட்டா? அதை அன்னைக்கே திருத்திட்டேன் சார். இந்த மாசம் நான் சிரிச்சதே அதுக்கு மட்டும்தான்."

"அப்ப ஏன் இறக்கல? ஜன்னல்ல தினம் நாளைக்குன்னாங்களே?"

முகக்கவசம் அறுத்த காதைத் தடவிக்கொண்டார் டாக்டரம்மா.

"இல்லைன்னு சொல்ல அவங்களுக்கு மனசு வரல. முப்பத்தேழுன்னு நீங்க சரியா எழுதியிருந்தாலும் இறக்கியிருக்க மாட்டோம். எந்தக் கப்பல்லேர்ந்தும் யாரையும் இறக்கக் கூடாதுன்னு உத்தரவு. நாளைக்குப் பெட்டிங்க இறங்கும். உங்க பையன் இறங்க மாட்டார்."