ஐந்து விரல் பாகு

பிசுபிசுப்பு என்றாலே எனக்குக் குமட்டும். அதனால்தான் லாபிர் நானா லோன்றிப் படியேறினாலே நான் ஈரத்துணியைத் தேடுவேன்.

உட்துறைமுக வீதியில், துணி வெளுத்து அயன் பிடிக்கிற என் லோன்றிக்கு நாலு கடை தள்ளி மஸ்கட், தொதல் என்று இனிப்புச் செய்கிற மனிதர். கையில் எந்நேரமும் சீனிப்பாகு. அவர் சாய்ந்த மேசை விளிம்பில் ஈ மொய்க்கும், தொட்ட கதவுப்பிடியில் எறும்பு ஊரும். சீ! பக்கத்திலேயே கடல் கிடக்கிறது, இந்த மனிதருக்குக் கைகழுவத் தண்ணீர் இல்லையா என்று மனதுக்குள் திட்டுவேன்.

அன்று காலை ஒரு பையோடு வந்தார்.

"தங்கச்சி, மகள் ஹுஸ்னியாட நிக்காஹ் சீலை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். ஒருக்கா அயன் பண்ணித் தாங்க. புதுசு, ஊத்தை ஒண்டுமில்ல."

பையின் காது என் விரலில் ஒட்டியது. ஈரத்துணியால் துடைத்தேன்.

எந்தத் துணியானாலும் அயன் பிடிக்குமுன் உள்ளங்கையால் முழுக்கத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். காய்ந்த சீனிப்பாகு வெள்ளைத் துணியில் கண்ணுக்குத் தெரியாது, அந்த விறைப்பு கைக்குத்தான் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஊறவிட்டால் கரைந்துபோகும். சூடு பட்டாலோ கருகிப் பிடித்துவிடும். இருபது வருடத்தில் நான் ஒருநாளும் பிசகியதில்லை.

அன்று தடவவில்லை. அவர் தொட்டதைத் தொட அருவருத்து, இரண்டு விரலால் நுனியைப் பிடித்து விரித்துப்போட்டு அயனை வைத்தேன்.

குப்பென்று கருகிய சீனி மணத்தது. தூக்கிப் பார்த்தால் முந்தானையில் மண்ணிற விரல் தடங்கள். ஒன்றல்ல, ஐந்தும்.

ஊறவிட்டேன். வினாகிரியில் தண்ணீர் கலந்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். நாலு விரல் போனது. பெருவிரல் மட்டும் அசையவில்லை. மீண்டும் உலர்த்தி, அயன் பிடித்து மடித்து வைத்தபோது புதுச்சாரம் உடுத்து நானா வந்து நின்றார்.

தடத்தைக் கண்டதும் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என்ட கைதான் தங்கச்சி. நேத்து பாகு காய்ச்சக்குள்ள சீலை வந்த. ஆசையில விரிச்சுப் பாத்தனான்."

 பழி தானாக அவர்மேல் போனது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

"மாப்பிள்ளைட கையைப் பிடிச்சு மகளைக் குடுக்கோணும். இந்தக் கையாலயா? என்ட தம்பியைச் செய்யச் சொல்றன்."

அதற்குமேல் என்னால் மறைக்க ஏலவில்லை.

"பிழை என்ட, நானா. தடவிப் பாத்திருந்தா ஒண்டும் நடந்திராது."

"ஏன் பாக்கேல்ல?"

"உங்கட கை பட்டது. எனக்கு அருவருப்பா இருந்தது."

நானா நேரே உள்ளே போனார். பின்பக்கக் குழாயில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிவிட்டு வந்தார். வெள்ளைத் துவாய் ஒன்றை நீட்டினேன். துடைத்துத் திருப்பித் தந்தார். அவருக்கு முன்னாலேயே அதை விரித்து உள்ளங்கையால் முழுக்கத் தடவினேன்.

"ஒட்டேல்ல. மடிப்புக்குள்ள விட்டா அந்தத் தடமும் தெரியாது. மாப்பிள்ளைட கையை நீங்களே போய்ப் பிடிங்க, நானா."

அவர் போனபின் அயனின் அடியில் பிடித்திருந்த கருகலைச் சுரண்டினேன். குமட்டியது. சீனியால் அல்ல, என்னை நினைத்து.