கைக்கு அடங்கின கோடாலி

வருஷத்துக்கு ஒரு தடவை சிறுமலைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்காவிட்டால் முத்துக்கண்ணனுக்கு அந்த வருஷம் வருஷமே இல்லை. புதுவயல் ரைஸ் மில்லில் அவன் மெஷின் பார்க்கிறவன். அங்கேயே வேலை பார்க்கும் வேல்பாண்டிதான் அவனுக்கு மலைக் கூட்டாளி. வேல்பாண்டியின் மச்சானுக்கு மலைமேல் ஒரு காப்பித் தோட்டம் இருந்தது. பொங்கல் முடிந்த கையோடு இருவரும் கிளம்பிப் போய், பட்டுப்போன மரத்தை வெட்டித் தீ மூட்டிக் கறி சமைத்துத் தின்றுவிட்டு, உடம்பெல்லாம் புகை வாசத்தோடு இறங்கி வருவார்கள். அந்தச் சட்டையை அவன் பொண்டாட்டி அனுசுயா எத்தனை தரம் அலசினாலும் வாசம் போகாது. "வாசம் இருந்துட்டுப் போகட்டும். ஏன்டி அடிச்சுத் தொவைக்கிற?" என்பான்.

போன தடவை பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து தப்பினார்கள். வேல்பாண்டி ஓங்கிய கோடாலியின் தலை காம்பிலிருந்து கழன்று, முத்துக்கண்ணனின் காதை உரசினாற்போல் பறந்து கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியது. அடுத்த தடவை கோடாலியைத் தானே பார்த்து வாங்குவதாக முத்துக்கண்ணன் அங்கேயே சொல்லிவிட்டான்.

ஆவணியில் அவனுடைய வலது கைக் கட்டைவிரல் சொன்னபடி கேட்காமல் போயிற்று. ஸ்பேனரைப் பிடித்தால் நழுவியது. சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை. வலியோ வீக்கமோ இல்லாததால் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்தார்கள். கார்த்திகையில் மதுரைக்குப் போனபோது, ஊசி குத்தி, கரண்டு வைத்து என்னென்னவோ சோதனை செய்த டாக்டர் முத்துக்கண்ணனை விட்டுவிட்டு அனுசுயாவைப் பார்த்தே பேசினார். தசையை அசைக்கிற நரம்புகள் செத்துக்கொண்டு வருகின்றன. இந்தக் கை, அப்புறம் அந்தக் கை, கால், விழுங்குவது, கடைசியில் மூச்சு. இதை நிறுத்த மருந்து இல்லை, கொஞ்சம் தள்ளிப்போட மட்டும் ஒரு மாத்திரை உண்டு என்றார்.

முத்துக்கண்ணன் கேட்டது ஒன்றுதான்.

"தைக்குள்ள சரியாயிருமா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு வீட்டில் நோயைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. கோடாலியைப் பற்றித்தான் பேசினான். போனில் கோடாலி வீடியோக்களாகப் பார்த்தான். மார்கழி பிறந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறினான்.

செக்காலை ரோட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் கருத்தையா நாலைந்து கோடாலிகளைக் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினார்.

"மரம் சாய்க்கவா, வெறகு பொளக்கவா? எதுக்குண்ணே கேக்குறீக?"

"மலையில போய்த் தங்குறப்ப வெறகு பொளக்க. பையில வச்சுத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும்."

முத்துக்கண்ணன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். கோடாலியின் வெட்டுகிற வாயும் காம்பும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தான். காம்பின் அடிப்பக்கத்தைத் திருப்பி மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறது என்று அனுசுயாவுக்குக் காட்டினான். "இந்தா பாரு, வாய் இருக்க வாக்குலயே ரேகை ஓடணும். குறுக்க ஓடுச்சுன்னா நாலு வெட்டுல ஒடிஞ்சிரும்." பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்ததை ஒதுக்கித் தள்ளினான். உள்ளே வெடிப்பு இருந்தாலும் தெரியாதாம். தலைக்குள் ஆப்பு இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். எல்லாம் இடது கையால்தான். அவன் முகத்தில் பழைய களை வந்திருந்தது. கொஞ்ச நேரம் அனுசுயாவுக்கு மதுரையே மறந்துபோயிற்று.

"எல்லாஞ் சரி. கையில ஏந்திப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லி அவன் நல்லதாக ஒன்றை வலது கையில் வாங்கினான். விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கிக் காம்பைச் சுற்றிப் பொருத்தினான். தூக்கியபோது கை இடுப்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. கோடாலி நழுவித் தரையில் விழுந்து டைல்ஸ் தெறித்தது.

"ஆத்தாடி! என் காலை எடுத்துருப்பீகளேண்ணே!" என்று கருத்தையா சிரித்துக்கொண்டே குனிந்தார். எழுந்தபோது அந்தக் கையைப் பார்த்துவிட்டார். கட்டைவிரலுக்குக் கீழே சதையே இல்லாமல் குழி விழுந்திருந்தது. சிரிப்பு நின்றது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அதைவிட லேசானதைக் கொண்டுவந்தார். அதுவும் நழுவியது. ஒற்றைக் கையால் வெட்டுகிற கைக்கோடாலி ஒன்றைக் கொண்டுவந்தார். அது முத்துக்கண்ணனின் கையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் மேஜைமேல் சாய்ந்தது.

"போதும், வாங்க போவோம்" என்றாள் அனுசுயா.

"இரு. நீ பிடி."

"நானா?"

"ஒன் கைக்கு எது அடங்குதுன்னு பாப்போம்."

அவள் கோடாலி பிடித்ததே இல்லை. அவன் இடது கையால் அவள் விரல்களை மேலும் கீழும் நகர்த்திப் பிடிக்க வைத்தான். மணிக்கட்டு வலிக்கிறதா, முன்பக்கம் இழுக்கிறதா என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகக் கழித்தான். கடைசியில், கைக்கோடாலியிலேயே காம்பு சற்று நீளமான ஒன்றை எடுத்தான். "குட்டைக் காம்பு வேணாம். குறி தப்புச்சுன்னா நேரா முழங்காலுக்குத்தான் வரும்" என்றான். ஏன் தன் கைக்குப் பார்த்தான் என்று அனுசுயா கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது கோடாலியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அவன் இடது கையும் நடுங்கத் தொடங்கியிருந்தது. மில்லில், கை சுளுக்கு என்று சொல்லி லீவில் இருந்தான். மலையில் எங்கேயாவது விழுந்துவிட்டால் என்ன செய்வது? அவனுக்குத் தெரியாமல் வேல்பாண்டிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். கவனமாகக் கூட்டிக்கொண்டு போய் வரச் சொல்லத்தான் நினைத்தாள். வேல்பாண்டி போனை வைத்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் வேல்பாண்டி வீட்டுக்கு வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முத்துக்கண்ணனின் கையைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"மாப்ள, இந்த வருஷம் வேணாம்டா. மலையில ஒரே மழையாம். அடுத்த வருஷம் போவோம்."

"அடுத்த வருஷமா?" என்றான் முத்துக்கண்ணன். "சரிடா, போவோம்."

வேல்பாண்டி காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான். முத்துக்கண்ணன் அனுசுயாவின் பக்கம் திரும்பினான்.

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"மலையில விழுந்து கெடந்தீகன்னா நான் என்ன செய்வேன்?"

"இங்க மட்டும் விழ மாட்டேனா? அங்குட்டு ஒரு நாள் விழுந்தா ஒனக்கு என்னடி கொறஞ்சு போகுது?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அதற்குப் பிறகு அவன் போனில் வீடியோ எதுவும் பார்க்கவில்லை. மாசி பிறப்பதற்குள் அவளே சோறு ஊட்டிவிட வேண்டியதாயிற்று. வாங்கிவைத்த கோடாலி பீரோவின் பின்னால் கிடந்தது.

ஒருநாள் அனுசுயா வேல்பாண்டியைத் தேடி மில்லுக்கே போனாள்.

"அண்ணே, தோட்டத்து கேட்டுச் சாவியக் குடுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

"நானும் வந்துருவேன் தங்கச்சி. ஆனா அவனை அப்படிப் பாக்க முடியல" என்று சொல்லிவிட்டு வேல்பாண்டி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சாவி மட்டும் வந்தது.

வாடகைக் கார் பிடித்து, வளைவு வளைவாக மலை ஏறி, மதியத்துக்குத் தோட்டத்தில் இறங்கினார்கள். டிரைவர் கூடாரத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காருக்குப் போனார். மழை பெய்தது என்று வேல்பாண்டி சொன்னது பொய் இல்லை. விறகுக் கட்டைகள் ஊறிப்போய்க் கிடந்தன. முத்துக்கண்ணனைப் பாறையில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு அனுசுயா கோடாலியை எடுத்தாள்.

"நின்னு வெட்டாத. மண்டி போட்டு உக்காரு. அடியில ஒரு கட்டையக் குடு." அவன் குரல் குழற ஆரம்பித்திருந்தது, இரண்டாம் தரம் கேட்டால்தான் அவளுக்கு விளங்கியது.

அவள் வெட்டினாள். கோடாலி கையில் நன்றாகத்தான் அடங்கியது. வாயும் கூராகத்தான் இருந்தது. சிராய் சிராயாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே வரைக்கும் ஈரம். கைகளில் கொப்புளம் வந்ததே மிச்சம். கொண்டுபோன தாளையெல்லாம் கொளுத்தியும் புகைதான் எழும்பியது. காற்று திரும்பி, புகை முத்துக்கண்ணனின் முகத்தில் அடித்தது. அவன் இருமினான். இருமல் நிற்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் கண்கள் பிதுங்கின. கோடாலியைப் போட்டுவிட்டு ஓடி அவனை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டே டிரைவரைக் கூப்பிட்டாள். மூச்சு திரும்பி வந்தபோது அவன் உதடு கறுத்திருந்தது.

அதற்கு மேல் தங்கத் துணிச்சல் இல்லை. வெயில் இருக்கும்போதே டிரைவரும் அவளுமாக அவனைத் தூக்கிக் காரில் வைத்தார்கள்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அவன் தலை நிற்காமல் சாய்ந்தது. அவள் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிக்கொண்டாள்.

"தீய... அணைச்சியா?" என்றான்.

"அணைக்க எங்கங்க எரிஞ்சுச்சு?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிப்பு அவனுக்கு மறுபடியும் இருமலாக மாறியது. டிரைவர் காரை ஓரங்கட்டினார். இருமல் அடங்கும்வரை அவள் அவன் மார்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு டிரைவரிடம், "நீங்க ஓட்டுங்க" என்றாள்.