கழுதையின் குதிகால்

கழுதை மூன்றாவது தடவையும் முதல் படியிலேயே குப்புற விழுந்தது.

"பாத்தீங்களாக்கா? காலைத் தூக்குன்னா பின்னாடி உதைக்குது," என்றான் எலும்பு டாக்டர். வரைந்த உருவங்களுக்குக் கணினியில் எலும்பு வைத்து நடக்கவிடுவது அவன் வேலை. அதனால் அலுவலகத்தில் அவனுக்கு அந்தப் பட்டம்.

திரையில் விழுந்து கிடந்தது தபால்காரக் கழுதை, குழந்தைகள் தொடரின் நாயகன். அரைக்கால் சட்டையும் தோளில் பையுமாக, இரண்டு காலில் நிமிர்ந்து வீடு வீடாகப் படியேற வேண்டியது. அதை வரைந்தவள் பதினேழு வருஷம் பின்னணி மட்டுமே வரைந்தவள். அடுத்தவர்களின் கரடியும் முயலும் முன்னால் ஆட்டம் போட, இவள் பின்னால் மரமும் சுவரும் தீட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கழுதைதான் அவள் பெற்ற முதல் பிள்ளை. நாலு மணிக்கு இயக்குநர் கண் முன்னால் அது படியேறினால் தொடரில் அவள் பெயர் வரும். ஏறாவிட்டால் கழுதை பக்கத்து மேசைக்காரனுக்குப் போய்விடும். அவனோ காலையிலிருந்து, இறங்கப் போகிறவரின் இருக்கையையே பார்த்து நிற்கும் பயணி மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

மணி ஒன்றே கால்.

"நான் என்னடா தப்பா வரைஞ்சேன்? கழுதைக்கு முட்டி பின்னாடிதானே மடியும்? ஊருக்கே தெரியுமே!"

"ஊருக்குத் தெரியுதுக்கா. படிக்குத் தெரியலையே."

அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்தாள். அவள் தம்பி கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். சின்ன வயதிலிருந்து அக்காவிடம் குட்டு வாங்கியே வளர்ந்தவன் கையில் இப்படி ஒரு படம் கிடைத்தால் சும்மா இருப்பானா?

"ஏன்க்கா, மரமா வரைஞ்சு வரைஞ்சு கழுதைக்கும் கிளை வச்சிட்டியா?"

"விளையாடாதடா. எனக்கு உயிரே போகுது."

அவள் குரல் உடைந்ததும் அவன் சிரிப்பு நின்றது. விளக்குப் பலகையில் ஒரு எக்ஸ்ரேயை மாட்டினான். போன வாரம் நொண்டிக்கொண்டு வந்த ஒரு கழுதையின் பின்னங்கால்.

"நீ முட்டின்னு நினைச்சது இதைத்தான். பின்னாடி ஒரு எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது பாரு. இப்ப உன் குதிகாலைத் தொடு."

குனிந்து தொட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். அது முட்டியே இல்லக்கா, குதிகால். நிஜ முட்டி இன்னும் மேல, வயித்துக்கிட்ட, தோலுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நம்மளது மாதிரியே முன்னாடி பாத்துத்தான் இருக்கும். குதிகாலுக்குக் கீழ இருக்குறதெல்லாம் பாதம். குளம்புங்கறது ஒத்தை விரல் நகம். கழுதை ஆயுசுக்கும் நகத்து மேலதான் நிக்குது."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, மடியில் பூனையோடு காத்திருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, நுனிக்காலில் நின்றாள். ஒரு படி ஏறுவதுபோல் காலைத் தூக்கினாள். முட்டி முன்னால் வந்தது, குதிகால் பின்னால் போனது. கெண்டைக்கால் வெடவெடவென்று நடுங்கியது.

"அடப்பாவி, ஒரு முட்டியவே காணாம அடிச்சிருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் டாக்சி குலுங்கக் குலுங்க மடியில் வைத்தே வரைந்தாள். தொடையைக் குட்டையாக்கினாள். முட்டியை அரைக்கால் சட்டையின் விளிம்பில் வைத்தாள். குதிகாலை உயர்த்தி, பாதத்தை நீட்டினாள். எலும்பு டாக்டர் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கழுதை காலைத் தூக்கியது. முட்டி முன்னால் வந்தது, குளம்பு படியில் பதிந்தது, குதிகால் உடம்பை மேலே தள்ளியது. பை குலுங்க ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, உச்சிப் படியில் போய் நின்றது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எலும்பு டாக்டரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"எங்கம்மா போயிட்டீங்க?" இயக்குநர் பின்னால் நின்றார். "மத்தியானமே என் ரூம்ல எல்லாம் முடிஞ்சிடுச்சு. முதல் காட்சியில மழைன்னு மாத்திட்டோம். கழுதைக்குத் தரை வரைக்கும் மழைக்கோட்டு. காலே தெரியாது. இந்தப் பையனோட யோசனை," என்று பக்கத்து மேசையைக் காட்டினார்.

பக்கத்து மேசைக்காரன் தன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு மணின்னுதானே சார் சொன்னீங்க?"

"நீங்க இடத்துல இல்லையேம்மா."

"இதைப் பாருங்க சார். ஏறுது."

பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா காலை யாரும்மா பாக்கப் போறா?"

"கோட்டுக்குள்ள இருந்தாலும் நடை காட்டிக் குடுத்துடும் சார்."

"அவன் பேர்லயே சேனலுக்கு அனுப்பியாச்சும்மா." கொஞ்சம் தயங்கினார். பிறகு தோளில் தட்டாத குறையாகச் சொன்னார். "உங்ககிட்ட ஒரு வேலை இருக்கு. பின்னணி மாத்தணும். மழை வரையறதுக்கு உங்களை விட்டா இங்க வேற யாரு?"

உச்சிப் படியில் கழுதை நகத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. எலும்பு டாக்டர் திரையை அணைக்கவில்லை. அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

"எவ்வளவு மழை சார்?"

"கோட்டுப் போட்டுக்கற அளவுக்கு."